வேட்கையும் மறைமொழியும்: ஈழத்துப் பெண் கவிதை பற்றிய ஒரு மதிப்பீடு

தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன்னே வாய்விட்டுரைத்தல் இல்லை என்று தொல்காப்பியக் களவியல் விதி வகுத்தது. ஆயினும், புதுமட்கலத்தில் வார்த்த நீர் புறத்தே பொசிந்து தோன்றுவதுபோல அவ்வேட்கை குறிப்பினாற் புலனாகும் என்று அவ்விதியே வழியும் விட்டது. ஆகவே, பெண்ணின் வேட்கையை மறைமொழியாற் கூறுதல் நமக்கு அந்நியமான வழக்கமன்று. கவிஞரின் சுயேச்சையான தெரிவாக நிற்கும்வரை அது கலை; சமூகத்தின் கட்டளையாகிவிட்டால் அது வாய்ப்பூட்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஈழத்துப் பெண் கவிதையை மதிப்பிடுதல் இயலாதென்பதே என் துணிபு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மரபின் மீது விக்டோரியா காலத்து நாணமும் வந்து கவிந்தது. அந்நாணத்துக்கு இங்கிலாந்தின் பெண் கவிஞர்களே கொடுத்த விலை சிறிதன்று. எலிசபெத் பாரெட் பிரௌனிங் தம் கணவர்பாற் கொண்ட காதலைப் பாடிய செய்யுட்களை 1850இல் போர்த்துக்கீச மொழியிலிருந்து பெயர்த்தவைபோலத் தோன்றும் தலைப்பிட்டே வெளியிட்டார். கிறிஸ்டினா ரொசெட்டியின் 'கோப்ளின் மார்க்கெட்' என்னும் நெடுங்கவிதையில், மாயக் கனிகளின் சுவையிலும் அவற்றை உண்டு ஏங்கும் பெண்ணின் மெலிவிலும் ததும்பும் இச்சையை, குழந்தைக் கதை என்றும் சமய உருவகம் என்றும் கூறி, 1862 தொடங்கி நெடுங்காலம் வாசகர் பலர் கடந்து சென்றனர். கதரின் பிராட்லி, எடித் கூப்பர் என்னும் இருவரோ 'மைக்கேல் ஃபீல்ட்' என்ற ஓர் ஆண்பெயருக்குள் ஒன்றாய் மறைந்திருந்து, பண்டைக் கிரேக்கத்துப் பெண் கவிஞர் சாஃபோவைத் துணைக்கழைத்தே 1889இல் பெண்ணுக்குப் பெண்மீதுள்ள காதலைப் பாடினர்.

அக்காலத்து ஒழுக்கவுணர்ச்சி கப்பலேறி இங்கும் வந்தது. உடுவில் முதல் கொட்டாஞ்சேனை வரை எழுந்த கிறித்தவப் பாடசாலைகள் நம் பெண்களுக்கு எழுத்தை அளித்தன, அந்நன்றி மறக்கற்பாலதன்று. ஆனால் எழுத்தோடு கூடவே அடக்கத்தின் இலக்கணமும் கற்பிக்கப்பட்டது. மிஷனரிமாரை எதிர்த்தெழுந்த சைவ மறுமலர்ச்சியும், ஆறுமுக நாவலர் கோயில்களில் நடந்த சதிராட்டத்தைக் கண்டித்ததிற் காண்பதுபோல, இவ்வொரு விஷயத்தில் அவர்களோடு உடன்பட்டே நின்றது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அவ்வொழுக்கத்தின் ஒரு பகுதியைச் சட்டமாகவே நிலைநிறுத்திற்று.

இந்தப் பின்னணியில், 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண்கள் கவிதைத் தொகுதியை வாசிப்போர் ஓர் உண்மையைக் கவனிக்கலாம். அதில் பெண்ணுடல் முதன்முதலாகப் பேசுபொருளாவது வேட்கையின் குரலில் அன்று, முறையீட்டின் குரலிலாகும். ஆடவர் தன்னை அங்கங்களாக மட்டுமே காண்கின்றனர் என்று அ. சங்கரி எழுதிய கவிதை, பிறர் பார்வையிலிருந்து உடலை மீட்கும் கவிதை. மீட்ட பின்னரே அவ்வுடலின் விருப்பத்தைப் பாட முடியும் என்பதால் இவ்வரிசை இயல்பானதே. தொண்ணூறுகளில் கொழும்பிலிருந்து வெளிவந்த 'நிவேதினி' போன்ற பெண்நிலைவாதச் சஞ்சிகைகள் இதற்கான சிந்தனைத் தளத்தை அமைத்தன. அதன் பின் சாய்ந்தமருதிலிருந்து எழுதிய அனாரின் கவிதைகளில், 2007இல் வந்த 'எனக்குக் கவிதை முகம்' தொகுப்பிற் காண்பதுபோல, மழையும் மலையும் இரவும் பெண்ணின் இச்சைக்கு உடலாகி நின்றன.

இம்மறைமொழியின் சிறப்புக்கள் மெய்யானவை. அனாரிடத்தில் இயற்கை வெறும் போர்வையாக நில்லாமல் உணர்ச்சியின் பரப்பையே அகலப்படுத்துகின்றது. ஒருத்தியின் தாபம் ஒரு நிலத்தின் பருவமாகவே விரிந்துவிடுகின்றது. ஊரும் உறவும் ஒவ்வொரு வரியையும் எழுதியவளின் வாழ்க்கை வாக்குமூலமாகத் துருவும் சிறிய சமூகத்தில், யுத்தத்தின் கண்காணிப்பும் சேர்ந்திருந்த காலத்தில், குறிப்புமொழி அவளுக்குப் புகலிடமாகவும் இருந்தது. இவற்றை அறியாமல், ஏன் வெளிப்படையாக எழுதவில்லை என்று அவர்களைக் கேட்பது அநீதி.

குறைகளும் அதேயளவு மெய்யானவை. வெள்ளவத்தையிலே நூல் வெளியீட்டு மேடைகளில் பெண்ணொருத்தியின் தொகுப்பைப் பேச வருவோர், யுத்தத்தையும் துயரத்தையும் படிம அழகையும் விரிவாகப் புகழ்ந்து, காமம் ததும்பும் கவிதைகளை "மென்மையான உணர்வு" என்ற ஒரு சொல்லால் தாண்டிச் செல்வதைப் பலரும் கேட்டிருப்பர். ரொசெட்டிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கின்றது: கவிஞர் இட்ட திரை வாசகனுக்குத் தப்பும் வழியாகிவிடுகின்றது. அன்றியும், ஒருவர் தேடிக் கண்ட படிமத்தைப் பின்வந்தோர் பாதுகாப்புக்காக எடுத்தாளும்போது, மழையும் நிலவும் நதியும் எந்த உடலையும் சுட்டாத அலங்காரமாய்த் தேய்ந்துபோகின்றன.

எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. 'விரும்புகிறேன்' என்று சொல்லப் பழகாத மொழியில், 'விரும்பவில்லை' என்று சொல்லவும் வலுவிருக்காது. நம் நாட்டிலே 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திருத்தம், அதுவரை ஆடவருக்கு மட்டுமே பொருந்திய ஒருபாற்புணர்ச்சித் தடையைப் பெண்களுக்கும் விரித்தது. அதே திருத்தம், நீதிமன்றத்தினாற் பிரிக்கப்பட்ட மனைவியின் விஷயத்தில் மட்டுமே கணவனின் வன்புணர்ச்சியைக் குற்றமாக ஏற்றது. ஒரு பெண்ணின் விருப்பமும் மறுப்பும் ஒரே சட்டத்தால் ஒருங்கே மறுக்கப்படும் நாட்டில், அவ்விரண்டையும் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லும் கவிதை கலைக்கு மட்டுமன்றி நீதிக்கும் வேண்டப்படுவதாகும்.

வெளிப்படைமொழி மாத்திரம் இடர் தீர்த்துவிடாதென்பதும் உண்மையே. தமிழகத்தில் 2002இல் வெளிவந்த குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பின் தலைப்பைப் பற்றி எழுந்த கூச்சல், உள்ளிருந்த கவிதைகளை வாசியாமலே தீர்ப்பளிக்கப் பலருக்குப் போதுமானதாயிற்று. எனவே பழி, கவிஞர் தேர்ந்த நடையின் மீதன்று, நம் வாசிப்பின் மீதே சாரும். மறைத்துரைப்பதோ திறந்துரைப்பதோ எழுதுபவளின் தெரிவாக இருக்கட்டும். அவள் மறைத்துரைத்ததைக் கூச்சமின்றிக் கண்டு, கௌரவத்தோடு பெயர் சொல்லி விளக்குவது விமர்சகனின் கடமை. அக்கடமையை நம் இலக்கிய மேடைகள் இனியேனும் ஏற்கவேண்டும்.