சுழலாத சில்லு

நுவரெலியாவின் சென்ற வசந்தகாலத்தில், மாகாஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று, கமராவைக் கையிலெடுத்து ஓராண்டுகூட நிரம்பாத இளைஞர் ஒருவருக்குச் சிறியதொரு கண்காட்சியில் முதற்பரிசைப் பெற்றுத் தந்தது. காரின் கதவிலுள்ள எண்ணும், சில்லின் ஆணிகளும், பின்னே நிற்கும் தேயிலைச் செடியின் கொழுந்தும் ஒன்றுவிடாமல் எண்ணத்தக்க தெளிவோடு துலங்குவதே அதன் விசேஷம் என்றும், பழகத் தொடங்குபவனுக்குத் தெளிவே முதற்பாடம் என்றும் நடுவர் விளக்கம் கூறினார். அந்த அபிப்பிராயத்தை நான் நெடுங்காலமாகவே ஏற்றதில்லை.

படத்தில் குணங்கள் உண்டு. உச்சிவெயிலைத் தவிர்த்து, மூடுபனி மெல்லிய திரைபோல் ஒளியைச் சலித்துத் தரும் காலைநேரத்தைத் தேர்ந்தமையால், பளபளக்கும் தகட்டிலே வேடிக்கை பார்ப்போரின் நிழல்கள் அப்பிக்கொள்ளவில்லை. வளைவின் உட்புறத்தில் நின்றதும் புத்திசாலித்தனமே.

ஆனால் அந்தக் கார் நிற்கிறது! 1934 முதல் பேர்பெற்ற அந்தப் பந்தயத்தில் கார்கள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிட்டு மலையேறுகின்றன. ஆகவே முந்தும் காரும் பிந்தும் காரும் ஒரே படத்தில் அமைந்து வேகத்தைப் பிரத்தியட்சமாக்கும் வாய்ப்பு அங்கே இல்லை. வேகத்துக்குச் சாட்சி சொல்ல எஞ்சியிருப்பவை சில்லும் பின்னணியுமே. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும் கார், ஷட்டர் 1/1000 வினாடி திறந்திருக்கையில் 2 சென்றிமீற்றர்தான் நகர்கிறது. 1/60 வினாடியில் ஓரடிக்கும் மேலே போய்விடுகிறது. முன்னதில் சில்லின் ஆரைகள் உறைந்துபோக, கொழுந்து மடுவத்து வாசலில் நிறுத்திவைத்த வண்டிக்கும் பந்தயக் காருக்கும் பேதமில்லாமற் போகிறது. பின்னதில், கமராவும் காரோடு சேர்ந்து திரும்புமானால், தேயிலை நிரைகள் பச்சைக் கோடுகளாய் இழுபட, ஆரைகள் கரைந்து வட்டமாக, ஓட்டுபவரின் தலைக்கவசம் மாத்திரம் கூர்மையாக நிற்கும்.

1913இல், பத்தொன்பது வயதான ஷாக் ஆன்றி லார்த்தீக் பிரான்சு நாட்டுக் கிராண்ட் பிரீ பந்தயத்தில் எடுத்த படத்திலே சில்லு நீள்வட்டமாகி முன்னே சாய்ந்திருக்கிறது, ஓரத்தில் நின்ற மனிதர் எதிர்ப்புறம் சரிந்திருக்கின்றனர். நமது நடுவரின் அளவுகோல் அதற்கு ஆறுதற்பரிசும் கொடாது.

மெதுவான ஷட்டரால் பத்தில் ஒன்பது படங்கள் பாழாகும், அதனால் புதியவன் மனஞ்சோர்வான் என்பர். 36 படங்களுக்கு ஒரு சுருள் என்று காசெண்ணிய காலத்தில் அது நியாயந்தான். இன்று பாழான படத்துக்குச் செலவேது? தெளிவை முதற்பாடமாகக் கற்றவர்கள் இரண்டாம் பாடத்துக்கு வருவார்கள் என்பதும் என் அனுபவத்தில் பொய்த்த நம்பிக்கையே. பத்தாண்டுகளாகக் கமரா சுமப்பவர்களும் ஏப்ரல் தோறும் அதே வளைவில் நின்று, அதே நிற்கும் காரையே எடுத்துக்கொண்டிருக்கின்றனர்.

பழக விரும்புகிறவர் பந்தயத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாலையில் தோட்டத்து றோட்டில் இறங்கிவரும் கொழுந்து லொறி போதும். அது மெதுவாக வருமாதலால் ஷட்டரை 1/30 வரை தளர்த்தலாம். கால்களை அசையாமல் ஊன்றி, வண்டி தூரத்தில் தலைகாட்டும்போதே அதனைக் கமராவில் பற்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பிக்கொண்டே வந்து, நேரெதிரே வருகையில் அழுத்தி, அழுத்திய பின்னும் நிறுத்தாமல் அது வளைவில் மறையும்வரை திரும்ப வேண்டும்.