நம்பை நூலகத்தில் நிறைவெண் வகைகளின் பெயரீடு

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படுத்தினர் நம் இலக்கண நூலார். பைதன் மொழியிற் கணிப்புச் செய்வோர் பெரிதும் கையாளும் நம்பை என்னும் செய்நிரல் நூலகத்தை ஆராயுமிடத்தும் அப்பாகுபாடு பயன்படுகின்றது. 2006ஆம் ஆண்டில் 1.0 பதிப்பாக வெளிவந்த அந்நூலகம், அணியிலுள்ள நிறைவெண் ஒவ்வொன்றையும் வரையறுத்த இடத்தில் வைப்பது. ஆதலின் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வகைப்பெயர் வேண்டப்படும்.

‘இன்ட்32’, ‘இன்ட்64’ என்பன காரணப்பெயர்கள். எத்தனை பிற்று என்பதைப் பெயரே கூறிவிடும். இம்மட்டில் நின்றிருப்பின் குறைகூற இடமில்லை. ஆயின், ‘இன்ட்8’ என்பது எட்டுப் பிற்று; அதன் சுருக்கம்போலத் தோன்றும் ‘ஐ8’ என்பதோ எட்டுப் பைற்று, அதாவது 64 பிற்று! ஒரே இலக்கம் ஓரிடத்திற் பிற்றையும் பிறிதோரிடத்திற் பைற்றையும் எண்ணுமாயின் கற்கப் புகும் மாணவன் யாது செய்வான்?

இதனினும் பெரிய இடர் சீ மொழியினின்று இரவல் பெற்ற வகைகளால் விளைந்தது. அளவு கூறாது நிறைவெண்களை அணியாக்கினால், நூலகம் தானே தெரிந்துகொண்டது சீ மொழியின் ‘லோங்’ வகையை. அதற்கு இங்கே ‘இன்ட்_’ என்று பெயர் இருந்தது. அடிக்கோடு எவ்வளவையும் உணர்த்தாத வெறும் இடுகுறி. அவ்வகை, 64 பிற்று லினக்ஸில் 64 பிற்று. 64 பிற்று விண்டோஸிலோ 32 பிற்று. 50,000 என்னும் எண்ணை அணியிலிட்டு அவ்வணியை அதனாலேயே பெருக்குக. முன்னதில் 2,500,000,000 வரும். பின்னதில் −1,794,967,296 வந்தது. எச்சரிக்கை யாதும் எழவில்லை. ஆய்வாளன் ஒருவன் தன் கணிப்பை நண்பனுக்கு அனுப்ப, நண்பனது கணினி வேறு விடை தருமாயின், பிழையை இருவரும் எங்குத் தேடுவர்?

அடிக்கோடற்ற ‘இன்ட்’ என்பதோ பைதனின் எல்லையற்ற நிறைவெண்ணுக்கே மறுபெயர். அதனை அணியின் வகையாகக் கொடுத்தவிடத்து, மேற்கூறிய எல்லையுள்ள வகையாகவே மாறிற்று. 2021இல் வந்த 1.20ஆம் பதிப்பு இப்பெயரைக் கைவிடுமாறு எச்சரித்தது. 2022 இறுதியில் வந்த 1.24ஆம் பதிப்பு நீக்கிற்று. 2024இல் வெளியான 2.0ஆம் பதிப்பே 64 பிற்று விண்டோஸிலும் இயல்பான அளவை 64 பிற்றாக்கியது. பழைய செய்நிரல்கள் முறியும் என்னும் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், ஓசையின்றிப் பொய்விடை தருஞ் செய்நிரலை இத்துணைக் காலம் பேணியது தகுமென யான் கொள்ளேன்.

அப்பதிப்பிலேயே ‘லோங்’ என்னும் பெயர் மீண்டும் வந்துள்ளது. முன்னர்ப் பைதனின் எல்லையற்ற நிறைவெண்ணைக் குறித்துப் பின் நீக்கப்பெற்ற அப்பெயர், இப்பொழுது சீ மொழியின் வகையைக் குறிக்கின்றது. ‘ஐ8’ இன்றும் எட்டுப் பைற்றே.