ராமானுஜன் விட்டுவிட்ட ஓர் எண்

ராமானுஜன் என்றதும் நம்மாட்கள் நேரே 1729-க்குப் போய்விடுகிறார்கள். ஈரோட்டில் பிறந்தவர் என்பதால் எங்கள் கோவைப் பக்கம் அந்த டாக்சி கதைக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமையும் உண்டு. எனக்கு அது சலித்துவிட்டது. அதைவிடச் சுவாரசியமான எண் 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அவர் பட்டியலில் இருந்திருக்க வேண்டியது, இல்லை.

12-க்கு ஆறு காரணிகள்: 1, 2, 3, 4, 6, 12. அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் முந்துபவை மிகுபகு எண்கள். இவற்றைப் பற்றி ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் அறுபது பக்கத்துக்கு மேல் எழுதினார். அதிலுள்ள பட்டியல் 6746328388800 வரை போகிறது, 102 எண்கள். நடுவில் ஒன்றுதான் விடுபட்டது.

அதைப் பிரித்துப் பாருங்க: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, மொத்தம் 5040 காரணிகள். (5040-உம் ஒரு மிகுபகு எண்தான்!) இன்னொரு வேடிக்கை: விடுபட்டதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வந்துவிடுகிறது.

அவருடைய தேற்றங்களுக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை. பகா எண்களின் அடுக்குகள் ஏறாமல் இறங்கிக்கொண்டே வரவேண்டும். 4, 36 தவிர மற்றவற்றில் கடைசி அடுக்கு 1. நம் எண் இரண்டுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பொருந்தினால் மட்டும் போதாதுங்க. 30-உம் 2 × 3 × 5 என்று அழகாகத்தான் நிற்கிறது, எட்டுக் காரணிகள். ஆனால் 24-க்கே எட்டு வந்துவிட்டது, 30 அவுட். இப்படி ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கழித்துத்தான் பட்டியல் போட முடியும். சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் ஒரு பையன் நாலு வரி பைத்தானில் இன்றைக்கு அதைச் செய்துவிடுவான். 1915-இல் இருந்தது பேனாவும் காகிதமும்.

என் புகார் கட்டுரை மேல் இல்லை, நாம் அதை வாசிக்காமலே கும்பிடுவது மேல். நாமகிரித் தாயார் கனவில் சொன்னார் என்கிற விளக்கத்தில் இந்த ஓட்டைக்கு இடமே கிடையாது. உட்கார்ந்து கணக்குப் போட்ட மனிதனுக்குத்தான் ஒன்று தவறும். அந்த உழைப்பை அழித்துவிட்டு அவரைச் சாமியாக்குவது, கணக்கு வராது என்று ஒதுங்கும் நம் பிள்ளைகளுக்கும் வசதியான சாக்காகிவிடுகிறது.

இந்த ஆய்வுக்குத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. கழகத்திடம் காசில்லாததால் அப்போது அச்சேறாத மீதிப் பகுதி, நிக்கோலா, ரோபன் இருவரின் குறிப்புகளோடு 1997-இல்தான் வெளிவந்தது. முதலில் பட்டியலைத் திறந்து, அந்த 23 கணக்கைக் கையாலேயே போட்டுப் பாருங்க.