சீன எழுத்துக் கலையும் பொருட் பொருத்தமும்

எழுத்து ஒலியைக் குறிப்பது என்பது நம் இலக்கணத்தார் கொள்கை. சீனரது எழுத்தோ பெரும்பாலும் தனித்தனியே பொருளுணர்த்தி நிற்பது. அத்தகைய எழுத்தொன்றைச் சுவர்ப்படத்திலும் அணிகலனிலும், ஏன், தம் உடலிலுமே பொறித்துக்கொள்வார் இன்று பலர். அன்னோர் பொருளை ஆராய்ந்து தேர்கின்றனர். எழுதும் முறையையோ கண்ணுக்கு இனிதாவது ஒன்றே கருதிக் கொள்கின்றனர். இது பொருந்துமா என்பதை ஓர் எழுத்தைக்கொண்டு ஆராய்வோம்.

'ரென்' என்பது பொறுமையைக் குறிக்கும் சீன எழுத்து. வள்ளுவர் பதினாறாம் அதிகாரத்திற் போற்றிய பொறையுடைமையே அதன் பொருள் எனலாம். மேலே கத்தியின் கூர்வாய், கீழே இதயம். கத்தியைக் குறிக்கும் இரு கோடுகளோடு, கூர்வாய் இதுவெனச் சுட்டும் புள்ளி ஒன்று, இதயத்திற்கு நான்கு கோடுகள், ஆக ஏழு. நெஞ்சின்மேல் வாள் கிடப்பவும் அசையாதிருத்தலே பொறை என்று இவ்வெழுத்து நமக்குக் காட்டுகின்றது.

இதனை எழுதும் முறைகள் ஐந்து. கி.மு. 221இல் சீனத்தை ஒருங்கிணைத்த சின் பேரரசு நிலைப்படுத்தியது முத்திரை எழுத்து. அதில் இதயம் ஏறக்குறைய இதயத்தின் ஓவியமாகவே தோன்றும். ஹான் அரசர் காலத்துச் சிறந்தது அலுவலர் எழுத்து. அதன் கிடைக்கோடுகள் பட்டுப்புழுவின் தலைபோலத் தொடங்கிக் காட்டு வாத்தின் வால்போல முடியும். தாங் அரசர் காலத்தில் (618–907) முதிர்ச்சி பெற்றது திருந்தெழுத்து. இதில் ஒவ்வொரு கோடும் தனித்து நிற்கும். நடையெழுத்திற் கோடுகள் ஒன்றையொன்று தழுவும். புல்லெழுத்து எனப்படும் விரைவெழுத்திலோ பல கோடுகள் ஒரு நெளிவாகச் சுருங்கும்.

இனித் தேர்வுக்கு வருவோம். விரைவெழுத்தின் அழகு மறுக்கவொண்ணாதது. ஆயினும், 'ரென்' என்பதை அதில் எழுதின் வாளும் நெஞ்சும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாள் வேறு, நெஞ்சு வேறு எனக் காணாதவிடத்துப் பொறைக்கு இடம் யாது? அன்றியும், விரைவு பொறுமைக்கு மறுதலையன்றோ! எனவே பலரும் காணும் மண்டபத்திற்குத் திருந்தெழுத்தே தகும். தன் பெயரோடு சேர்த்துப் பதிக்கும் முத்திரைக்கு முத்திரை எழுத்துத் தகும் என்பதே எம் துணிபு.

'எழுதுவோன் உணர்ச்சியே கலை. பொருளுக்கேற்ப முறையை வரையறுத்தல் கலையைத் தளையிடுதலாகும்' என்பார் உளர். அவர்க்கு யான் ஜென்ச்சிங் (709–785) என்னும் பெருங் கலைஞரின் கையே விடை தரும். ஆன் லூஷான் கலகத்தில் மாண்ட தம் உறவின்முறை மகனுக்காக 758இல் அவர் வரைந்த இரங்கலுரை நடையெழுத்தில் உள்ளது. அடித்தும் திருத்தியும் எழுதிய அவ்வரைவில் அவர்தம் துயரம் இன்றும் புலனாகின்றது. அவரே 780இல் தம் குடும்பக் கோயிற்கு எழுதிய கல்வெட்டோ திண்ணிய திருந்தெழுத்தில் அமைந்தது. கை ஒன்றே, இடமும் பொருளும் வேறாதலின் முறையும் வேறாயிற்று. உணர்ச்சியுடையவனே முறையையும் ஆராய்ந்து கொண்டான் என்பது காண்க.

இவ்வுண்மையை அறிய மாத்தளை மாவட்டத்தார் சீனம் செல்ல வேண்டுவதில்லை. தம்புள்ளைக் குகைகளில், மழைநீர் உட்புகாதிருக்க வெட்டிய புருவத்தின் கீழ், குகைக் கொடையைப் பிராமி எழுத்து நேரிய கோடுகளால் அறிவிக்கின்றது. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரிலோ, எட்டாம் நூற்றாண்டு முதலாக வந்து கண்டோர் தம் வியப்பைக் கூரிய முனையால் மெல்லக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். கொடை நிலைக்க வேண்டியது; வியப்பு அக்கணத்தது. இனி, பாளி மறை ஏடேறிய இடம் என மரபு போற்றும் அளுவிகாரையை நோக்குவார்க்கு, ஓலையின் நரம்பைக் கிழியாதிருக்க எழுத்து வளைந்தது என்னும் கூற்றும் நினைவுக்கு வரும். கருவியும் பொருளும் இடமும் கூடியே எழுத்தின் வடிவைத் தீர்மானிக்கின்றன.

கணினி தரும் அச்செழுத்துப் பட்டியலிற் கண்ணைக் கவர்ந்ததொன்றைச் சுட்டி எடுப்பார்க்கு இம்மூன்றும் புலப்படுவதில்லை. அங்ஙனம் எடுத்த எழுத்து, பொருளறியாது ஓதிய பாட்டினை ஒக்கும்.

1911இல் காலியிற் கண்டெடுக்கப்பெற்று, கொழும்பு அருங்காட்சியகத்திற் காக்கப்பெறும் மும்மொழிக் கல்வெட்டு ஈண்டு நினைக்கத் தக்கது. 1409ஆம் ஆண்டினைக் குறிக்கும் அக்கல்லைக் கொணர்ந்தவர் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ. புத்தரைச் சீன மொழியிலும், அல்லாவைப் பாரசீகத்திலும், தேனவரை நாயனாரைத் தமிழிலும் அது போற்றுகின்றது. நம் நாட்டுத் தெய்வத்தை நம் மொழியில், நம் எழுத்திலேயே விளித்தல் தகுதி என அன்று அவர்கள் கருதினர். அவர்தம் எழுத்தை நாம் எடுத்தாளும்போது அத்துணை மதிப்பேனும் காட்டுதல் நம் கடனாகும். பொருளைக் கற்றபின் வடிவைத் தேர்க. தேர்ந்தபின், அக்கலை பயின்ற கையால் எழுதுவிக்க.