ஆட்டமில்லாத மாதங்கள்

கதை எங்கே இருக்கிறது என்று யாராவது என்னைக் கேட்டால், இப்போதெல்லாம் ஒரு டெலிவிஷன் தொடரைக் காட்டுகிறேன். அதில் காதல் இல்லை, கொலை இல்லை, துப்பறியும் சாமர்த்தியமும் இல்லை. நாலைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். டெலிபோனில் பேரம் பேசுகிறார்கள். ஐந்து பாகங்களிலும் பெரும்பாலும் இதுவேதான். இருந்தும், பார்த்து முடித்தபோது ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிய கனம் என் மனத்தில் இருந்தது. ஆனால் அது பாதி நாவல்தான். மற்றப் பாதியை எடுத்தவர்கள் எழுதாமல் விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு விஷயங்களையும் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தொடரின் பெயர் 'ஹார்ட் நாக்ஸ்'. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் சொந்தப் படக் கம்பெனியும் எச்.பி.ஓ. நிறுவனமும் சேர்ந்து 2001-ல் ஆரம்பித்தது. வழக்கமாக வீரர்கள் பயிற்சி பெறும் முகாமைக் காட்டுவார்கள். 2024 ஜூலையில் வந்த ஐந்து பாகங்களில் முதல் தடவையாக, ஆட்டமே நடக்காத மாதங்களை எடுத்துக்கொண்டு, நியூயார்க் ஜயண்ட்ஸ் என்னும் அணியின் அலுவலகத்துக்குள் காமிராவைக் கொண்டுபோனார்கள்.

வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை விளக்கம் வேண்டும். இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து நீள்வட்டமாக இருக்கும். காலைவிடக் கைக்கே வேலை அதிகம். குவார்ட்டர்பேக் என்கிற ஆட்டக்காரன் பந்தை எறிவான், அல்லது பின்னால் நிற்கும் ஒருவன் கையில் கொடுப்பான். அவன் அதை இடுக்கிக்கொண்டு மனித மதில்களுக்கு நடுவே ஓடுவான். செப்டம்பரில் தொடங்கி, பிப்ரவரியில் இறுதிப் போட்டியோடு பருவம் முடிந்துவிடும். பிறகு மைதானம் காலி. அந்த மாதங்களில்தான் பயிற்சியாளர்கள் மாறுகிறார்கள். வீரர்கள் ஊர் மாறுகிறார்கள். ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன, கிழிக்கப்படுகின்றன.

இந்தப் பேரத்துக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. முப்பத்திரண்டு அணிகளுக்கும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு. 2024-ல் அது 25 கோடியே 54 லட்சம் டாலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரரானாலும் ரேஷன் அதே ரேஷன்தான். ஒருவன் இலையில் ஒரு கரண்டி கூடப் போட்டால் இன்னொருவன் இலையில் ஒரு கரண்டி குறையும். ஒப்பந்தம் முடிந்த வீரன் தாராளமாக வேறு அணிக்குப் போகலாம் என்ற உரிமை 1993-ல்தான் வந்தது. அதற்காக வீரர்கள் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. அப்படியும் அணியின் கையில் ஒரு பிடி மிச்சம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு வீரனை, விதிப்படியான சம்பளம் கொடுத்து, வெளியே போகவிடாமல் கட்டிப்போடலாம்.

கதைக்கு வருகிறேன். சாக்வான் பார்க்லி பந்தை ஏந்தி ஓடுகிறவர். 2018-ல் ஜயண்ட்ஸ் அணி புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் இரண்டாவது இடத்தில் அவரை எடுத்தது. நியூயார்க் ஜனங்களுக்கு அவர்மேல் அபாரப் பிரியம். 2023 மார்ச்சில் அணி குவார்ட்டர்பேக் டானியல் ஜோன்ஸுக்கு நாலு வருஷத்துக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதியது. அதே நாளில் பார்க்லியை மேலே சொன்ன பிடியால் கட்டிப்போட்டது. அந்தப் பருவத்திலேயே ஜோன்ஸின் முழங்காலில் தசைநார் அறுந்தது. அணி பதினேழு ஆட்டத்தில் ஆறைத்தான் ஜெயித்தது. தொடர் ஆரம்பிக்கும்போது பார்க்லிக்கு இருபத்தேழு வயது. அந்த வேலையில் இருபத்தேழு என்றால் நடுவயது தாண்டிவிட்டது என்று கணக்கு.

ஜெனரல் மானேஜர் ஜோ ஷேன்தான் கதாநாயகர். பார்த்தவர்கள் பலர் அவரை வில்லனாக்கிப் பேசினார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். அவருடைய வாதம் தெளிவானது. வருஷத்துக்கு நாலு கோடி வாங்குகிற குவார்ட்டர்பேக் பந்தை எறிய வேண்டும். ஒரு கோடியே இருபது லட்சம் வாங்குகிற இன்னொருவன் கையில் கொடுத்துக்கொண்டிருப்பதற்கா அவ்வளவு சம்பளம்? முந்திய பருவத்தில் அவருடைய குவார்ட்டர்பேக்குகள் பந்தை எறிவதற்குள் 85 தடவை தரையில் வீழ்த்தப்பட்டார்கள். காக்கிற முன்வரிசை அவ்வளவு பலவீனம். வீட்டுக் கூரை ஒழுகும்போது யாராவது வெள்ளிக் குத்துவிளக்கு வாங்குவார்களா?

எதிரே இருப்பவர் முதலாளி ஜான் மாரா. 1925-ல் அணியைத் தொடங்கியவரின் பேரன். ஒரு காட்சியில் அவர் ஷேனிடம், பார்க்லி பிலடெல்பியாவுக்குப் போய்விட்டால் தமக்குத் தூக்கம் வருவது கஷ்டம் என்கிறார். பிலடெல்பியாவின் ஈகிள்ஸ் அணி இவர்களுக்குப் பரம்பரைப் பகை. மாரா குரலை உயர்த்தவில்லை, உத்தரவும் போடவில்லை. சொல்லிவிட்டு முடிவை மானேஜரிடமே விட்டுவிடுகிறார். இதை ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால், பின்னால் வருவதை இவ்வளவு அப்பட்டமாக முன்கூட்டியே காட்டலாமா என்று விமர்சகர்கள் கோபித்திருப்பார்கள். வாழ்க்கைக்கு விமர்சகர் பயம் கிடையாது.

இந்தக் காட்சிதான் தொடரின் உயிர். சம்பளம் கொடுக்கிறவருக்கு மனசு ஒரு பக்கம் இழுக்கிறது. சம்பளம் வாங்குகிறவர் கணக்கு இன்னொரு பக்கம் இழுக்கிறது. தலையிடக்கூடாது என்பது முதலாளியின் கண்ணியம். உணர்ச்சிக்கு இடங்கொடுக்கக்கூடாது என்பது மானேஜரின் கண்ணியம். இரண்டும் நல்ல குணங்கள். இரண்டு நல்ல குணங்கள் சேர்ந்து ஒரு நஷ்டத்தை உண்டாக்குவதைவிடப் பெரிய கதைக்கரு எனக்குத் தெரிந்து இல்லை.

இதே தொழிலைப் பற்றி 2014-ல் ஒரு சினிமா வந்தது. 'டிராஃப்ட் டே' என்று பெயர். ஐவன் ரைட்மன் எடுத்தது. கெவின் காஸ்ட்னர் கிளீவ்லண்ட் அணியின் மானேஜராக நடித்தார். காலையில் மூன்று வருஷத்து முதல் தேர்வு உரிமைகளைத் தாரை வார்த்துவிட்டு, இரவுக்குள் அத்தனையையும் சாமர்த்தியமாக மீட்டுக்கொள்கிறார். பொழுது நன்றாகப் போகிறது. மனத்தில் ஒன்றும் தங்கவில்லை. அந்தக் கதையை எழுதியவர்களுக்கு முடிவு முன்னமே தெரியும். ஆகவே கதாநாயகருக்கும் தெரிந்துவிடுகிறது. ஷேனுக்கு முடிவு தெரியாது. காமிராக்காரருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் ஷேனுடைய முகத்தைப் பார்க்கத் தகுந்த முகமாக்குகிறது.

இனி குறையைச் சொல்கிறேன். இவ்வளவு பேச்சும் யாரைப் பற்றியோ, அந்த மனிதர் தொடரில் இல்லாத மாதிரிதான். டெலிபோன் வழியாக வருகிறார். காகிதத்தில் ஒரு தொகையாக வருகிறார். வெளியே விலை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுமுன் எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல் என்ற தோரணையில் ஷேன் அவரிடம் பேசுகிறார். அந்தப் பேச்சைக் கேட்டபோது எதிர்முனையில் இருந்தவர் எங்கே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யார் இருந்தார்கள், டெலிபோனை வைத்தபின் என்ன செய்தார்? ஆறு வருஷம் உழைத்த இடத்தில், நீ எவ்வளவு பெறுவாய் என்று ஊரைக் கேட்டு வா என்று சொல்லப்பட்டவனின் மனம் எப்படி இருக்கும்? இதைத்தான் நாவல் கேட்கும். காமிரா விலை போடுகிறவர்களின் மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டது. சங்கத்தின் சொந்தக் காமிராதானே, வேறு எங்கே உட்காரும் என்று கேட்கலாம். காரணம் சரி, குறை குறைதான். பெண் பார்க்கும் வைபவத்தை மாப்பிள்ளை வீட்டார் வாய்மொழியாகவே கேட்ட மாதிரி இருக்கிறது.

நடந்தது இதுதான். 2024 மார்ச்சில் பார்க்லி மூன்று வருஷத்துக்கு 3 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, வேறெங்கும் இல்லை, பிலடெல்பியாவுக்கே போனார். ஜயண்ட்ஸ் அவர் இடத்துக்குச் சகாய விலையில் வேறொருவரை எடுத்தது. அந்தப் பருவத்தில் பார்க்லி 2,005 கஜம் ஓடினார். அக்டோபரில் பழைய மைதானத்துக்குத் திரும்பி வந்து 176 கஜம் ஓட, ஈகிள்ஸ் 28-3 என்று ஜெயித்தது. சங்கத்தின் சரித்திரச் சாதனைக்கு இன்னும் 101 கஜம் இருக்கையில் கடைசி ஆட்டம் வந்தது, அதுவும் ஜயண்ட்ஸோடுதான். அவருடைய பயிற்சியாளர் இறுதிச் சுற்றுக்காக அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். 2025 பிப்ரவரி 9-ஆம் தேதி, பார்க்லியின் இருபத்தெட்டாவது பிறந்த நாளன்று, ஈகிள்ஸ் இறுதிப் போட்டியில் வென்றது. ஜயண்ட்ஸ் மூன்றே ஆட்டங்கள் ஜெயித்தது. டானியல் ஜோன்ஸை 2024 நவம்பரிலேயே விடுவித்துவிட்டார்கள். 2022-ல் அந்த வருஷத்தின் சிறந்த பயிற்சியாளர் என்று பரிசு வாங்கிய பிரையன் டேபல் 2025 நவம்பரில் வேலை இழந்தார்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஷேனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அது விமர்சனம் ஆகாது. பலனைப் பார்த்துவிட்டு முயற்சியை எடைபோடுவது தேர்வு முடிவு வந்தபின் பையனின் ஜாதகத்தைப் பார்ப்பது போலத்தான். அந்த ஒழுகுகிற முன்வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தால் பார்க்லி 2,005 கஜம் ஓடியிருக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஈகிள்ஸின் முன்வரிசை மலைபோல் நின்றது, அவர் ஓடினார். கணக்கு தப்பில்லை. ஆனால் கணக்கில் ஒரு பத்தி குறைந்தது. ஒரு மனிதன் நம் வீட்டில் எவ்வளவு பெறுவான் என்று ஷேன் எழுதினார். அவன் அடுத்த வீட்டில் எவ்வளவு பெறுவான் என்று எழுதவில்லை. அந்தப் பத்தியை நிரப்பத் தெரிந்தவர் மாரா ஒருவர்தான். அவரிடம் எண் இல்லை, தூக்கம் வராது என்ற பயம் மட்டும் இருந்தது. பயத்தை எந்தக் காகிதத்தில் எழுதிக் கூட்டுவது?

மனிதனுக்கு விலை போடாமல் உலகம் நடக்காது. ஆபீசில் போடுகிறோம், கல்யாணப் பேச்சில் போடுகிறோம், எழுத்தாளனுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பத்திரிகைக்காரர்கள் போடுகிறார்கள். ஆனால் விலை போட்ட பிறகும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தைப் பற்றித்தான் நாவல்கள் எழுதப்படுகின்றன. இந்தத் தொடர் விலை போடுவதை நேர்மையாகக் காட்டியது. மிச்சத்தை மட்டும் காட்டாமல் விட்டது. பார்க்லியின் வீட்டு வாசலில் காமிராவை வைத்து அந்த மற்றப் பாதியை யாராவது எடுத்தால், முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து பார்ப்பேன்.