வீடற்றோர்: சொல்லும் பொருளும்

வீடற்றோர் என்னும் சொல், நிலையான குடியிருப்பின்றி நடைபாதையிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் மேம்பாலங்களின் அடியிலும் வாழ்பவர்களைக் குறிக்கிறது. அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் இதுவே பெருவழக்கு. எனினும் இச்சொல் அந்நிலையின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது.

சொற்பிறப்பு

கெடு என்பது கேடு என்றும் சுடு என்பது சூடு என்றும் ஆவதுபோல, விடு என்பது முதல் நீண்டு வீடு ஆயிற்று. இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். விடுதல், விடுதலை என்பன இதன் அடிப்படைப் பொருள்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் இது பேரின்ப நிலையைக் குறிக்கும். குடியிருக்கும் இடத்தைப் பழைய நூல்கள் பெரும்பாலும் இல், மனை, அகம் என்றே வழங்கின.

'அற்ற' என்பது அறு என்னும் வினையடியிலிருந்து வந்தது. 'இல்லாத' என்பது இன்மையை மட்டும் சொல்லும். 'அற்ற' என்பதிலோ, முன்பு இருந்து பின்பு அறுந்துபோனது என்னும் குறிப்பும் உண்டு. கடன், வெள்ளம், குடும்பப் பூசல் ஆகியவற்றால் வீட்டை இழந்தவருக்கு இச்சொல் பொருந்தும். நடைபாதையிலேயே பிறந்து வளரும் குழந்தைக்கு அந்தக் குறிப்பு பொருந்தாது.

கணக்கெடுப்பில் பொருள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். கட்டடம் எதிலும் குடியிராமல் சாலையோரம், பெரிய குழாய்கள், மாடிப்படிகளின் அடி, வழிபாட்டிடங்களின் திறந்தவெளி, ரயில் நிலைய நடைமேடை போன்ற இடங்களில் வாழும் குடும்பங்களே இக்கணக்கில் சேர்ந்தன. ஆங்கிலத்தில் இவர்களைக் குறிக்க அக்கணக்கெடுப்பு எடுத்துக்கொண்ட சொல் 'ஹோம்லெஸ்' அன்று, 'ஹவுஸ்லெஸ்'. அங்கே அளவுகோல் கூரைதான். என்று இடிக்கப்படுமோ என்று அஞ்சிக் குடிசையில் வாழ்பவரும், புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கிய பெண்ணும் இதில் வரமாட்டார்கள்.

மக்கள் வழக்கு

பேச்சுவழக்கில் 'வீடு வாசல் இல்லாதவர்', 'போக்கிடம் இல்லாதவர்', 'நாதியற்றவர்' என்பார்கள். இவை கூரையோடு உறவையும் ஆதரவையும் சேர்த்துச் சொல்கின்றன. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வளர்ந்த வீட்டிலிருந்து விலக்கப்பட்டு, மதுரையில் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் பிச்சை ஓட்டையே தலையணையாகக் கொண்டு உறங்குகிறான். போக்கிடம் இல்லாதவன் என்பதே அவனுக்குப் பொருந்தும் பெயர்.

மதிப்பீடு

'வீடிலி' என்று சிலர் ஆளும் சொல் சுருக்கமானது. ஆனால் அது ஒரு நிலைமையை மனிதருக்கு நிரந்தரப் பெயராக ஒட்டிவிடுகிறது. 'வீடற்ற நிலை' என்றால் அது மாறக்கூடியது என்பது விளங்கும். இரவுக் காப்பகத்தில் இடம் பெற்றவருக்கு அன்றிரவு கூரை உண்டு. விடிந்தபின் போக்கிடம் உண்டா என்னும் கேள்வியும் அச்சொல்லின் பொருளுக்குள் வரவேண்டும்.