பேச்சும் மௌனமும்

2024இல் வெளியான இரு திரைப்படங்கள் நெஞ்சைவிட்டு அகல மறுக்கின்றன. பிரேம் குமாரின் ‘மெய்யழகன்’ அரங்கில் கண்டது. வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ வீட்டில் கண்டது.

‘மெய்யழகன்’ பேச்சாலேயே ஆன படம். சொத்துத் தகராற்றில் தஞ்சை வீட்டை இழந்து சென்னை சென்ற அருள்மொழி, 22 ஆண்டுகள் கழித்துத் தங்கை முறைப் பெண்ணின் திருமணத்திற்காக நீடாமங்கலம் வருகிறார். ‘அத்தான்’ என்று உருகி உபசரிக்கும் உறவினரின் பெயர் அவருக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். அந்தக் கூச்சந்தான் கதை. இரவெல்லாம் நீளும் உரையாடல் சில இடங்களில் மிகைதான். ஆயினும், படம் வெளியான சில நாள்களிலேயே சுமார் 18 நிமிடக் காட்சிகளை நீக்கியது எனக்கு உடன்பாடன்று. பேசித் தீராத உறவைக் காட்டும் படத்தில் பேச்சைக் குறைப்பது, பந்தியில் பாதி உண்டவரை எழுப்பிவிடுவது போன்றதே.

‘கொட்டுக்காளி’யிலோ பின்னணி இசைகூட இல்லை. வேற்றுச் சாதி இளைஞனை விரும்பிய மீனாவுக்குப் ‘பேயோட்ட’, அவளை மணக்கவிருக்கும் பாண்டியும் சுற்றத்தாரும் அழைத்துச் செல்கின்றனர். வழிமறித்த காளையை ஆண்களால் அசைக்க இயலவில்லை. சிறுமி ஒருத்தி வந்து எளிதாகக் கூட்டிச் செல்கிறாள். இதற்கு விளக்கமேதும் இல்லை. இயக்குநர் நம்மை மதிக்கிறார். ஆனால் வீட்டிலோ குக்கரின் ஓசையும் தொலைபேசி மணியும் மீனாவின் மௌனத்தைத் தின்றுவிடுகின்றன. பலரோடு இருளில் அமர்ந்து தாங்கவேண்டிய மௌனம் அது. இறுதியில், பேயோட்டுபவர் வேறொரு பெண்ணிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பாண்டி காண்கிறான். அவன் என்ன செய்வான் என்று சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது. “அவ்வளவுதானா?” என்றனர் வீட்டார். எனக்கு அது போதுமானதாயிருந்தது.